கேமராவோடு ஒரு நாள்: பை கட்டுவதிலிருந்து படம் காட்டுவது வரை

ஆசைக்காகப் படம் எடுப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இரண்டு விஷயங்களைச் சுற்றியே வரும். எங்கே போய் என்ன எடுத்தீர்கள் என்பது ஒன்று. என்ன கேமரா, என்ன லென்ஸ், எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் எனக்குப் பிடித்த பேச்சுதான். ஆனால் பெரும்பாலும் இவை தனித்தனியாகவே நடக்கின்றன. படத்தைக் காட்டும்போது எப்படி எடுத்தோம் என்று சொல்வதில்லை; லென்ஸைப் பற்றிப் பேசும்போது அதில் எடுத்த படத்தைக் காட்டுவதில்லை. ‘லென்ஸ் அருமை, நல்ல ஷார்ப்’ என்று மட்டும் சொன்னால், கேட்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டத்தான் இந்த வழிகாட்டி. திட்டமிடுவதில் தொடங்கி, படத்தையும் கருவியையும் பற்றி அடுத்தவருக்குப் பயன்படும்படி சொல்வது வரை வரிசையாகப் போவோம். போனில் எடுப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஒரு கேள்வியோடு கிளம்புங்கள்

‘எது அழகாகக் கண்ணில் படுகிறதோ அதை எடுப்போம்’ என்று கிளம்பினால் மெமரி கார்டு நிறையும், தேறுவது குறைவாகவே இருக்கும். கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்து ஒரு சந்தையின் பரபரப்பைக் காட்ட முடியுமா? பறவை திசை மாறிப் பறக்கும்போது என் கேமராவின் ஃபோகஸ் கூடவே போகிறதா? மேகமூட்டமான நாளில் கடற்கரை எப்படி இருக்கும்? இப்படி ஏதோ ஒன்று.

கேள்வி கையில் இருந்தால் மற்ற முடிவுகள் தானாக வந்துவிடும். எந்த லென்ஸ், எத்தனை மணிக்குப் போக வேண்டும், டிரைபாட் வேண்டுமா வேண்டாமா எல்லாமே அதிலிருந்துதான். வழியில் வேறு நல்ல காட்சி வந்தால் எடுக்காமல் விட வேண்டாம். திரும்பி வரும்போது அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடத்தைவிட நேரத்தை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சம் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணப்பட்டு வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய்விடுவதால் பொன்னிறம் மிஞ்சுகிறது, நிழல்கள் நீள்கின்றன, முகத்தில் கண்குழி இருட்டாவதில்லை. சூரியன் மறைந்த பிறகு வரும் நீல வெளிச்சம் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். தெருவிளக்குகளும் வானமும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருக்கலாம். நடுப்பகலில்தான் போக முடியும் என்றால் அதற்கேற்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோர வெளிச்சம், மரநிழலில் முகங்கள், கூர்மையான நிழல்களை வைத்துக் கருப்பு வெள்ளை என்று எத்தனையோ இருக்கின்றன.

2. பையில் என்ன வைப்பது

ஒரு கேமரா, அதிகபட்சம் இரண்டு லென்ஸ். மூன்றாவது லென்ஸை எடுக்கக் கை போனால், முதலில் வைத்த கேள்வி தெளிவாக இல்லை என்று அர்த்தம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியைச் சிறிய லைக்கா கேமராவிலும் 50 மி.மீ. லென்ஸிலும்தான் செய்தார். ஒரே லென்ஸில் பழகினால், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே சட்டகம் எங்கே முடியும் என்று தெரிந்துவிடும்.

லென்ஸ் எண்ணை, அதாவது மி.மீ.-ல் சொல்லும் குவியத்தூரத்தை (எண் கூடினால் காட்சி குறுகும்) பற்றிப் பேசும்போது, ஒளியைப் பதியும் சென்சாரின் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சார் அதைவிடச் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ் அதில் சுமார் 75 மி.மீ. போலக் காட்சியைக் குறுக்கிக் காட்டும். இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 100 மி.மீ. போல. ‘50 மி.மீ. வாங்கினேன், அறைக்குள் எடுக்க இடமே போதவில்லை’ என்ற புலம்பலுக்கு அனேகமாக இதுதான் காரணம்.

பேட்டரி இன்னொன்று கட்டாயம் வேண்டும். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் நீங்கள் படம் எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் சென்சாரும் வியூஃபைண்டர் திரையும் வேலை செய்துகொண்டே இருக்கும். குளிர் இடங்களில் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். மெமரி கார்டில் வி30 என்று போட்டிருந்தால், தொடர்ந்து எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் வேகம் இருக்கும் என்று பொருள். பறவைகளைத் தொடர்ச்சியாகச் சுடுபவர்களுக்கு வி60, வி90 உதவும். மற்றவர்களுக்கு வி30 போதும். ஒரே பெரிய கார்டைவிட நடுத்தர அளவில் இரண்டு கார்டு நல்லது. ஒன்று கெட்டாலும் பாதி நாள் மிஞ்சும்.

தண்ணீர், இலை, கண்ணாடி போன்ற பளபளப்பான பரப்புகளை எடுப்பதாக இருந்தால் போலரைசர் ஃபில்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டில் செய்ய முடியாத வேலையை அது செய்கிறது: பளபளப்பைக் குறைத்துத் தண்ணீருக்குள் இருப்பதைக் காட்டும். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் அதன் விளைவு அதிகம். பதிலுக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தை விழுங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). லென்ஸ் துணி, தூசி ஊதும் பம்பு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, இவ்வளவு போதும்.

3. முந்தைய இரவு

பேட்டரிக்கு சார்ஜ், கார்டு காலியா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. பலர் விடுவது கேமராவின் பழைய அமைப்புகளை. போன முறை இருட்டில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 6400-ல் வைத்தது, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) திருப்பிவிட்டது, ஒயிட் பேலன்ஸை மஞ்சள் விளக்குக்கு மாற்றியது எல்லாம் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து வழக்கமான நிலைக்குக் கொண்டு வாருங்கள். கேமராவின் கடிகாரத்தையும் சரி செய்யுங்கள். நண்பர்களோடு போனால் எல்லார் படத்தையும் நேர வரிசையில் அடுக்க அது வேண்டும்.

ராவா (சென்சார் பதிந்த முழுத் தகவல்), ஜேபெக்கா (கேமராவே சுருக்கித் தரும் படம்)? இரண்டையும் சேர்த்து எடுங்கள் என்பது என் யோசனை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. வெளிச்சம் மோசமாக இருந்த படத்தை மீட்கும்போது அந்தப் படிகள்தான் கை கொடுக்கும். உடனே நண்பருக்கு அனுப்ப ஜேபெக் இருக்கட்டும்.

4. போய்ச் சேர்ந்ததும்

கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், பின்னணியில் என்ன உறுத்துகிறது, மனிதர்களோ பறவைகளோ எந்த வழியாக வந்து போகிறார்கள் என்று பாருங்கள். பறவை வழக்கமாக வந்து உட்காரும் கிளை ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் துரத்த வேண்டியதில்லை. குளிரூட்டிய அறையிலிருந்து நேராகப் புழுக்கத்துக்கு வந்திருந்தால் லென்ஸில் நீராவி படியும். பையை மூடியே வைத்து, கண்ணாடி வெளிச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். இந்தச் சுற்று அதற்கும் சரியாக இருக்கும்.

மனிதர்களை எடுக்கும்போது ஒரு பார்வையாலாவது அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் கேமராவை இறக்கிவிட வேண்டும். குழந்தைகளை எடுக்கும் முன் கூட இருக்கும் பெரியவரிடம் கேட்காமல் இருக்கவே கூடாது. பறவைக் கூட்டின் பக்கம் போவதைத் தவிர்த்துவிடுங்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் போய்விட்டீர்கள்.

5. வெளிச்சத்தைக் கணக்கிடுவது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கேமரா நல்லதாக இருந்தும் படம் ஏமாற்றுவது இங்கேதான்.

மீட்டர் இல்லாமல் வெளிச்சத்தைக் கணிக்க ஒரு பழைய கணக்கு உண்டு. சுள்ளென்று வெயில் அடிக்கும்போது அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது) எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200 நொடி. எஃப்/8-க்குத் திறந்தால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடும், அதனால் 1/800. நிலவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், எஃப்/11-ல் தொடங்கலாம். ஏனென்றால் நாம் பார்ப்பது வெயிலில் நிற்கும் பாறையை. போனில் எடுக்கும் நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாக வருவதற்குக் காரணம், சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துப் போன் எக்ஸ்போஷரைக் கூட்டிவிடுவதுதான். திரையில் நிலவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கீழே இழுத்துக் குறைத்துப் பாருங்கள்.

இந்த மாதிரி எண்கள் மனப்பாடமாக இருப்பதன் பலனுக்கு 1941-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுப் படம் நல்ல சாட்சி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் காட்சியில் இருந்த கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பச்சைத் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கொக்கு தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். சட்டகத்தில் பெரும்பகுதி இருட்டு என்பதால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் இறகெல்லாம் வெளுத்துப்போகும். இங்கே காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். அதே கொக்கு பக்கத்தில் வந்து சட்டகத்தை நிரப்பிவிட்டால் கதை தலைகீழ்: மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கும், இப்போது கூட்ட வேண்டும். வெளிறிய வானத்தில் கரிய பறவை என்றாலும் கூட்டத்தான் வேண்டும்.

ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமுமாக எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை, பார்க்கப் பழகுங்கள். வலது ஓரத்தில் மலை முட்டி நின்றால் வெளுப்பு. ஆனால் அந்த வரைபடம் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருவது. ராவில் இன்னும் கொஞ்சம் விவரம் மிஞ்சியிருக்கும். அதனால் ஓரத்தில் லேசாக உரசினால் பயப்பட வேண்டாம்.

6. ஷட்டர் வேகம்

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத்தூரத்தின் தலைகீழைவிடக் குறையக் கூடாது. 300 மி.மீ. லென்ஸுக்கு 1/300, ஏபிஎஸ்-சி கேமராவில் 1/500-க்குப் போவது பத்திரம். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரி செய்யும், எதிரில் ஓடும் குழந்தையை நிறுத்தாது. நடப்பவருக்கு 1/250, உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/2000 என்று தொடங்கி, வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

இதற்காக ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலை எடிட்டில் ஓரளவு குறைக்கலாம், அசைந்து கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை அமைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் நாள் முழுதும் படத்தில் மட்டும் கவனம் வைக்கலாம்.

7. திரும்பியதும் முதல் வேலை

எடுத்த படங்களைக் கணினிக்கு நகலெடுங்கள், பிறகு வேறொரு டிஸ்குக்கு. மூன்று நகல், இரண்டு விதமான சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே (கிளவுடாக இருக்கலாம்) என்பது படக்காரர்கள் பின்பற்றும் கணக்கு. இரண்டாவது நகலைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும், அதையும் கேமராவிலேயே செய்யுங்கள்.

8. தேர்ந்தெடுப்பது

எடுப்பதைவிட இதற்கு அதிகப் பொறுமை வேண்டும். முடிந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். குத்துக்காலிட்டு வெகுநேரம் காத்திருந்து எடுத்த படம் என்பதாலேயே அது நல்ல படமாகத் தோன்றும். பார்ப்பவருக்கு உங்கள் முழங்கால் வலி தெரியாது.

அதே கொக்கு மீன் பிடிக்கும் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு படங்கள் மிஞ்சுகின்றன. முதலாவதில் கழுத்து வளைந்து பாயத் தயாராக இருக்கிறது, நல்ல கூர்மை, ஆனால் இன்னும் எதுவும் நடக்கவில்லை. இரண்டாவதில் அலகு தண்ணீருக்குள், தெறித்த நீர் கண்ணை மறைத்துவிட்டது. மூன்றாவதில் அலகின் குறுக்கே மீன் துடிக்கிறது, நீர்த்துளிகள் காற்றில் நிற்கின்றன, கண் கூர்மை. இடது இறக்கையின் நுனி மட்டும் சட்டகத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கிறது. நான்காவதில் இறக்கை முழுதாக இருக்கிறது, மீனும் இருக்கிறது, ஃபோகஸ் மட்டும் கண்ணை விட்டு முதுகுக்குப் போய்விட்டது.

பலர் நான்காவதை எடுப்பார்கள், பறவை முழுதாக இருக்கிறதே என்று. நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். வெட்டுப்பட்ட நுனியை, தலையும் கழுத்தும் மீனும் மட்டும் இருக்கும்படி இறுக்கமாக க்ராப் செய்து தீர்த்துவிடலாம். கண் கலங்கிய பறவைப் படத்துக்கு வைத்தியம் இல்லை. குறை இல்லாத படத்தைத் தேட வேண்டாம். இருக்கும் குறையைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். ஒரே தருணத்துக்கு ஒரே படம். மற்ற மூன்றையும் அழிக்க வேண்டாம், காட்டாமல் இருந்தால் போதும்.

9. எடிட்

சாய்ந்த அடிவானத்தை நேராக்குவதும் க்ராப்பும் முதலில். பிறகு ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், வெளுத்த இடங்கள், இருண்ட இடங்கள், கடைசியில் கூர்மை. நிறங்களைக் கூட்டும் கோலை நகர்த்தியதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். சிறிது நேரம் கழித்து மீண்டும் பாருங்கள், பாதியாவது பின்னால் இழுக்கத் தோன்றும். இணையத்தில் போடும் பிரதியை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமியுங்கள். வேறு நிறவெளியில் சேமித்தால் சில திரைகளில் நிறம் செத்துப்போய்த் தெரியும்.

10. படத்தைக் காட்டுவது

ஒரு நாளுக்கு ஆறேழு படம் போதும். முப்பது படம் போட்டால் பார்ப்பவர் உங்களுக்காகத் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது, அது அவர் வேலை இல்லை. முதல் படம் இடத்தைச் சொல்லட்டும், அப்புறம் நெருங்கிப் போகலாம்.

படத்தின் கீழே எழுதுவதில்தான் பகிர்வுக்கு உயிர் வரும். ‘காலை நேரக் கொக்கு’ என்று எழுதினால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஏபிஎஸ்-சி கேமரா, 300 மி.மீ., எஃப்/5.6, 1/2000, ஐஎஸ்ஓ 800. சூரியன் என் முதுகுக்குப் பின்னால். இறகு வெளுக்காமல் இருக்க ஒரு ஸ்டாப் குறைத்தேன். இறக்கை நுனி வெட்டுப்பட்டதால் இறுக்கமாக க்ராப் செய்தேன்; இடம் விட்டிருக்கலாமோ என்று சந்தேகம்.’ இதைப் படிப்பவர் அந்த அமைப்பை நாளைக்கே முயன்று பார்ப்பார். கடைசி வரி அவரைக் கருத்துச் சொல்லவும் அழைக்கிறது.

அரிய பறவை, கூடு, யாருடைய வீடாவது படத்தில் இருந்தால் கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். போன் படங்களில் இது பெரும்பாலும் தானாகவே பதிந்திருக்கும்.

அடுத்தவர் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போதும் ஓர் இடத்தைத் தொட்டுப் பேசுங்கள். ‘சூப்பர்’ என்பதைவிட, ‘வலது ஓரத்தில் அந்த வெள்ளைக் கம்பம் கண்ணை இழுக்கிறது’ என்பது அவருக்கு ஒரு வருடம் உதவும்.

11. கருவியைப் பற்றிப் பேசுவது

‘கருவி முக்கியமில்லை, கண்தான் முக்கியம்’ என்று அடிக்கடி கேட்கிறோம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தெருக்களில் படம் எடுத்த விவியன் மேயர் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்து, குனிந்து மேலிருந்து பார்த்து எடுத்தார். அந்தப் படங்களில் மனிதர்கள் சற்றே கீழிருந்து பார்க்கப்பட்டு ஒரு கம்பீரத்தோடு நிற்பதில் அந்தக் கேமராவுக்கும் பங்கு உண்டு. நாம் எங்கே நிற்கிறோம், எதிரில் இருப்பவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்பதைக் கருவி மாற்றிவிடுகிறது. கருவிப் பேச்சில் இதுதான் முதலில் வர வேண்டும்: கையில் எப்படி உட்கார்ந்தது, எடை எத்தனை மணி நேரம் தாங்கியது, சத்தம் கேட்டு யாராவது திரும்பினார்களா, கையுறையோடு திருப்ப முடிந்ததா.

மெகாபிக்சல் பேச்சு கொஞ்சம் குறைந்தாலும் நஷ்டமில்லை. 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 20 அங்குல அகலம் வரும். 4கே திரைக்கு வேண்டியது சுமார் 8 மெகாபிக்சல்தான். தூரப் பறவையை எடுத்துப் பாதிக்கு மேல் க்ராப் செய்பவருக்கு மட்டும் கூடுதல் புள்ளிகள் நிஜமாகவே தேவை.

இரண்டு லென்ஸை ஒப்பிட்டுச் சொல்வதாக இருந்தால், டிரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசேஷனை அணைத்து, ஒரே காட்சியை ஒரே அப்பர்ச்சரில் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். முழுதாகத் திறந்த நிலையிலும் எஃப்/8-லும் பாருங்கள். எஃப்/8-ல் பெரும்பாலான லென்ஸ்கள் நன்றாகவே இருக்கும்; வித்தியாசம் திறந்த நிலையில்தான் தெரியும். எஃப்/16-க்கு மேல் மூடினால் ஒளி விளிம்பில் வளைவதால் எல்லா லென்ஸும் மங்கும், அதை லென்ஸின் குறையாகச் சொல்லக் கூடாது.

புதிதாக ஒன்று வாங்க ஆசை வந்தால், முதலில் கடந்த ஒரு வருடத்தில் தேர்ந்தெடுத்த படங்களை எடிட் செய்யும் மென்பொருளில் குவியத்தூரத்தின்படி பிரித்துப் பாருங்கள். ஜூம் லென்ஸில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை 35-ஐ ஒட்டியே இருந்தால், உங்களுக்கு வேண்டியது ஒரு 35 பிரைம் (ஜூம் இல்லாத, ஒரே குவியத்தூர லென்ஸ்). எல்லாம் ஜூமின் கடைசி எல்லையில் குவிந்திருந்தால் இன்னும் நீளமான லென்ஸ் வேண்டும், அல்லது நீங்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போக வேண்டும். கருவியால் இழந்த படங்கள் எவை, நேரம் தப்பியதால் இழந்தவை எவை என்றும் பிரித்து எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் லென்ஸ் காத்திருக்கட்டும்.

முதல் பட்டியல்தான் நீளம் என்றால், அந்த லென்ஸை வாடகைக்கோ நண்பரிடமோ வாங்கி, ஏற்கெனவே போன இடத்துக்கு, அதே வேளையில், அதே கேள்வியோடு போங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் அளவிலேயே ஒப்பிடுங்கள். அந்த இரண்டு படங்களையும் அப்படியே நண்பர்களிடம் காட்டி, எது புதிய லென்ஸ் என்று சொல்லாமல், எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள்.